விலை குறைந்த உருளை நாற்று: தாய்ச்செடியின் இலையைப் பாருங்கள்

ஆகஸ்ட் நடவுக்கு நாற்று வேண்டுமானால் இப்போதே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். திசு வளர்ப்பு உருளைக்கிழங்கு நாற்று திடீரென மலிந்தது எப்படி, தரத்தில் கைவைத்துவிட்டார்களா என்று வாசகர்கள் கேட்கிறார்கள்.

அகாருக்குப் பதில் ஜவ்வரிசி, ஆய்வகச் சர்க்கரைக்குப் பதில் கடைச் சர்க்கரை, ஆட்டோகிளேவுக்குப் பதில் குக்கர் என்பதெல்லாம் பழைய சிக்கனங்கள். பணத்தை விழுங்குவது குளிரூட்டிய அறையின் மின்சாரமும், துண்டு துண்டாக எடுத்து வைக்கும் ஆள்கூலியும்தான். பெருக்கும் வேலையைக் குடுவைக்கு வெளியே கொண்டுவந்தால் இரண்டும் குறையும். வியட்நாமின் தாலாத் மலை விவசாயிகள் 1980களிலேயே இதைத் தங்கள் வீடுகளில் செய்தார்கள். கர்நாடகத்தின் ஹாசன் பகுதியில் இன்று நடப்பதும் அதே வழிதான்.

குடுவையிலிருந்து வந்த சில செடிகளைத் தாய்ச்செடிகளாக வலைக்குடிலில் தென்னைநார்க் கழிவில் வளர்க்கிறார்கள். நுனியைக் கிள்ளிக் குழித்தட்டில் வைத்தால் வேர்விடும். தாய்ச்செடி பக்கத்தில் துளிர்க்கும், மறுபடி கிள்ளலாம். எத்தனை முறை? அதை இலைதான் சொல்லும். இளமை மாறாத செடியில் இலை ஒற்றையாக, உருண்டையாக இருக்கும். நமக்குப் பழக்கமான கூட்டிலை தலைகாட்டினால் செடிக்கு வயதாகிவிட்டது; அதன் நுனி வளர்வதை விட்டுக் கிழங்கு கட்டவே பார்க்கும். அப்போது தாய்ச்செடியை மாற்ற வேண்டும். மாற்றுவது செலவு, ஆகவே தள்ளிப்போடும் ஆசை எந்தப் பண்ணைக்கும் வரும். விலை பேசுமுன் தாய்ச்செடியைக் காட்டச் சொல்லுங்கள்.

'நோயற்ற நாற்று' என்று துண்டறிக்கைகள் சொல்வதற்குப் பொருள், சோதித்த வைரஸ்கள் சோதித்த நாளில் இல்லை என்பது மட்டுமே. திசு வளர்ப்புச் செடிகளுக்கு மத்திய அரசின் சான்றளிப்பு முறை 2006 முதல் இருக்கிறது. ஆனால் குடுவைச் செடிக்குக் கொடுத்த சான்று, பல வாரம் கழித்து வலைக்குடிலில் கிள்ளிய நுனிக்கு எப்படிப் பொருந்தும்? கிழிந்த வலைக்குள் புகுந்த ஓர் அசுவினி தாய்ச்செடியில் வைரஸை ஏற்றிவிட்டால், அதன்பின் கிள்ளும் நுனிகளும் அதைச் சுமந்தே வரும். தாய்ச்செடிகளைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வாய்வார்த்தையாக வந்தால் முன்பணம் வேண்டாம்.

மற்றக் கேள்விகள்:

விளைந்த கிழங்கை உடனே விற்கலாமா? விற்கலாம், ஆனால் விதையாக வைத்துக்கொண்டால்தான் நாற்றுக்குப் போட்ட காசுக்கு அர்த்தம்.

தக்காளி, கத்தரிக்கு இந்த முறை உதவுமா? விதையே மலிவு, வீண்.

இந்த நாற்று பின்கருகல் நோயைத் தாங்குமா? அது ரகத்தைப் பொறுத்தது.

நீலகிரியின் முட்டைக்கூடு நூற்புழு ஒழியுமா? ஒழியாது, 1961இல் அங்கே கண்டறியப்பட்ட அந்தப் புழு இருப்பது மண்ணில்.