கடல் கடந்த கூலியும் இடைவழி வட்டமும்

வடமராட்சியில் மலாயாக் காசு புழங்கிய காலம் ஒன்றிருந்தது. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் இலிகிதராய் அமர்ந்த யாழ்ப்பாணத்தார், காசுக்கட்டளை வாயிலாக வீட்டிற்குப் பணம் அனுப்பினர். இளைப்பாறி ஊர் மீண்டபின் ஆங்கிருந்து வரும் ஓய்வூதியத்தைக் கொண்டு வாழ்ந்தனர். அவர்தம் பேரர் காலத்தில் நிலைமை வேறாயிற்று. உழைப்பவன் நெல்லியடியிலேயே இருக்கின்றான். அவன் உழைப்பு மட்டும் கடல் கடக்கின்றது. கட்டட வரைபடம் வரைவோர், மென்பொருள் எழுதுவோர், கணக்கேடு பேணுவோர் எனப் பலர் வீட்டறையில் இருந்தவாறே இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வேலை செய்து, வேலைக்கு வேலை கூலி பெறுகின்றனர். இளைஞர் இதனைப் 'பிறீலான்ஸ்' என்பர்; சுயாதீனத் தொழில் என நாம் கூறலாம்.

என்னிடம் வர்த்தகக் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர் இத்தொழில் செய்கின்றார். 200 டொலருக்குப் பேசிய வேலைக்குத் தம் கைக்கு வந்தது 52,000 ரூபாவும் சில்லறையுமே என்றும், இடையில் எவர் எவ்வளவு எடுத்தனர் என்பது விளங்கவில்லை என்றும் ஒருநாள் வந்து முறையிட்டார். பணத்தை மாற்றிக் கொடுத்த நிறுவனம், தன் கட்டணம் 3 டொலர் மட்டுமே என்று எழுதியிருந்தது. முதற் பார்வையில் எனக்கும் விளங்கவில்லை. கற்பித்தவனுக்கே விளங்காத கணக்கை மாணவன் முன் ஒப்புக்கொள்வது சிறிது கூச்சந்தான்.

பின்னர் இருவரும் தாளும் பென்சிலும் எடுத்தமர்ந்தோம். எண்களைச் சற்றே முழுமையாக்கித் தருகின்றேன். அன்று டொலரின் சந்தை விலை 300 ரூபா என்க. கழிவு ஏதுமின்றி வந்திருப்பின் 60,000 ரூபா கிடைத்திருக்கும். வேலை தேடித்தந்த இணையச் சந்தை நூற்றுக்கு 10 வீதம், அதாவது 20 டொலர் எடுத்தது. பணம் மாற்றியவர் 3 டொலர் எடுத்தார். எஞ்சிய 177 டொலரை 300 ரூபா வீதம் மாற்றாது 294 ரூபா வீதம் மாற்றினார். ஆகவே கைக்கு வந்தது 52,038 ரூபா. இழப்பு 7,962 ரூபா. இதில் சந்தையின் பங்கு 6,000. எழுதிக் காட்டிய கட்டணம் 900. நாணயமாற்று விலையிற் குறைத்தது 1,062. எழுதிக் காட்டிய கட்டணத்திலும் எழுதாத கட்டணமே பெரிது என்பதை வாசகர் நோக்குக.

இந்த எழுதாத கட்டணத்திற்குப் பழைய வணிக வழக்கில் 'வட்டம்' என்று பெயர். நாணயம் மாற்றுபவன் கூலி கேட்பதில்லை; வட்டம் பிடிப்பான். இற்றைநாளில் "கட்டணம் இல்லை" என விளம்பரஞ் செய்வோர் பலரும் வட்டம் பிடிப்பவரே. எனவே இரு வழிகளை ஒப்பிடுவோர் கட்டண அட்டவணையை மட்டும் பார்த்துப் பயனில்லை. இன்ன தொகை அனுப்பினால் எத்தனை ரூபா கைக்கு வரும் என்ற ஒன்றையே கேட்டல் வேண்டும். அன்றைய விலையை மத்திய வங்கி நாள்தோறும் வெளியிடுகின்றது. ஒத்துப் பார்த்தல் எவர்க்கும் எளிது.

சந்தைகளின் பங்கோ வெளிப்படையானது. பைவர் நூற்றுக்கு 20 எடுக்கின்றது. அப்வேர்க் 2016 முதல் ஒரு வாடிக்கையாளரிடம் ஈட்டும் தொகை பெருகப் பெருக 20, 10, 5 எனக் குறைத்து வந்தது. 2023இல் அனைவர்க்கும் 10 ஆக்கியது. 2025இல் வேலைக்கேற்ப 15 வரை மாறும் முறையைக் கொணர்ந்தது.

வங்கிக்கு நேரே வரும் பணத்தின் இயல்பு வேறு. 1973இல் தொடங்கப்பெற்று, பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுவிப்ற் என்னும் அமைப்பு வங்கிகளிடையே செய்தியை மட்டுமே கொண்டு செல்வது. பணம் இடைவங்கிகளின் கணக்குகள் வழியாகவே நகரும். ஒவ்வோர் இடைவங்கியும் ஒரு நிலைக்கட்டணத்தைக் கழித்தல் கூடும். அது மொத்தம் 25 டொலர் என்று கொண்டால், 100 டொலரில் அது காற்பங்கு. 1,000 டொலரில் நாற்பதில் ஒரு பங்கு. மற்றொருவர் தொகை எதுவாயினும் நூற்றுக்கு 3 எடுக்கின்றார் எனின், ஏறத்தாழ 833 டொலர் வரை அவரே மலிவு. அதற்குமேல் வங்கி மலிவு. சிறு சிறு கூலிகளைச் சேர்த்து ஒருமுறையாகப் பெறுதலின் நன்மை இதனாற் புலனாகும்.

உலகெங்கும் பெயர்பெற்ற பேபால் வழியாக, நெடுங்காலம் இலங்கையர் பணம் செலுத்தலாமேயன்றிப் பெறுதல் இயலாதிருந்தது. அவ்விடத்தை நம்மவர்க்கு நிரப்பியது 2005இல் தொடங்கிய பயோனியர். 2011இல் இலண்டனில் எஸ்தோனியர் இருவர் நிறுவிய வைஸ் என்னும் நிறுவனத்தின் பிறப்பு நமக்குச் சுவை தருவது. ஒருவருக்கு யூரோவிற் சம்பளம், செலவோ பவுணில். மற்றவருக்குப் பவுணிற் சம்பளம், எஸ்தோனியாவில் வீட்டுக்கடன். வங்கியின் வட்டத்துக்கு அஞ்சிய இருவரும், சந்தை இடைவிலைப்படி ஒருவர் கணக்கில் மற்றவர் அவ்வந்நாட்டிலேயே பணமிட்டனர். பணம் எல்லை கடக்கவேயில்லை! நம்மூரார் இதற்கு உண்டியல் என்பர். ரொறன்ரோவில் ஒருவரிடம் டொலர் கொடுக்க, நெல்லியடியில் அவருடைய கூட்டாளி ரூபா கொடுப்பதும் இதுவே. வைஸ் உரிமம் பெற்றுப் பற்றுச்சீட்டுத் தருகின்றது. உண்டியலில் அது இல்லை.

ஆயினும் உண்டியலை நாடியவரை முற்றாகக் குறைகூறவும் மனம் வரவில்லை. 2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை டொலரின் விலை வங்கிகளில் 203 ரூபாவை ஒட்டியே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியே 240 பெறக்கூடிய நாளில் வங்கியில் 203 பெற்றவர், நூற்றுக்கு 15க்கு மேல் வட்டமாக இழந்தார். விளைவு, வெளிநாட்டில் உழைப்போர் முறையான வழியில் அனுப்பிய பணம் 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலராக இருந்து, 2021இல் 550 கோடியாகவும் 2022இல் 380 கோடியாகவும் வீழ்ந்தது. ரூபாவின் கட்டு அவிழ்ந்தபின், 2022 மே மாதத்தில் டொலர் 350 ரூபாவைக் கடந்தது. 2023இல் அனுப்பிய தொகையும் 600 கோடியளவுக்கு மீண்டது. மக்கள் கணக்கறியாதவர் அல்லர்.

இப்பொழுது கணக்கு மீண்டும் மாறியுள்ளது. அதுவரை வரிவிலக்குப் பெற்றிருந்த இவ்வகை வருமானம் 2025 ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து வரிக்குட்பட்டது. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனியாள் விலக்கு உண்டு. அதற்கு மேற்பட்டதில், வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே வந்த சேவைக்கூலிக்கு உச்சவரி நூற்றுக்கு 15. ஏனைய வருமானத்திற்கு 36 வரை செல்லும். உண்டியலில் ரூபாவாக வந்த பணத்திற்கு அச்சலுகையைக் கோருதல் எங்ஙனம்?

என் மாணவர் இன்று ஓர் அப்பியாசக் கொப்பியில் ஐந்து நிரல் கீறி, பேசிய தொகை, சந்தைப் பங்கு, கட்டணம், அன்றைய விலை, கைக்கு வந்தது ஆகியவற்றைக் குறித்து வருகின்றார். மூன்று வேலைகளின் கூலி 600 டொலரைச் சேர்த்து, வட்டம் நூற்றுக்கு ஒன்றாக உள்ள வேறொருவர் வழியாகச் சென்ற மாதம் பெற்றார். முன்பு 13க்கு மேலிருந்த மொத்தக் கழிவு 11க்குச் சற்று மேலாகக் குறைந்திருந்தது. அதிற் பத்து இணையச் சந்தைக்குரியது. அதனைக் குறைக்கும் வழி அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.