200 டாலர் வேலி

வரி குறைகிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷமில்லை? சர்க்கரைக்கு வரி குறைந்தால் நாம் பாயசமே வைத்துவிடுவோம். ஆனால் அமெரிக்காவில் ஒரு வரியை எடுப்பதா, வேண்டாமா என்று வருஷக் கணக்கில் வாதம் நடந்தது. அது துப்பாக்கி வரி!

1929, பிப்ரவரி 14. சிகாகோ நகரில் ஒரு மோட்டார் கொட்டகைச் சுவரோரம் ஏழு பேரை நிறுத்திச் சுட்டுத் தள்ளியது ஒரு கும்பல். அவர்களில் சிலர் போலீஸ் உடுப்பில் வந்திருந்தார்கள்! இத்தகைய கொலைகளால் நாடே பதறியது. 1934-ல், ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக இருந்தபோது சட்டம் வந்தது. யந்திரத் துப்பாக்கி, குட்டைக் குழல் துப்பாக்கி, சைலன்ஸர் இவை கைமாறும்போதெல்லாம் 200 டாலர் வரி. சர்க்காரிடம் பதிவும் செய்யவேண்டும். கஜானாவை நிரப்ப வந்த வரியல்ல அது. கண்டவர் கைக்கும் எட்டாமலிருக்கப் போட்ட வேலி. அன்றைய 200 டாலர், இன்றைய மதிப்பில் 4,500-க்கும் மேல்!

வேடிக்கை என்னவென்றால், 91 வருஷமாகியும் அந்தத் தொகையை யாரும் உயர்த்தவில்லை. விலைவாசி ஏற ஏற, வேலி தானே குட்டையாகிவிட்டது.

"சைலன்ஸர் காதைக் காப்பாற்றும் கருவி. வேட்டைக்குப் போகிறவன் அதற்கு ஏன் வரி கட்டவேண்டும்?" என்றார்கள் ஒரு சாரார். "வெடிச் சத்தந்தானே ஜனங்களுக்கு எச்சரிக்கை? அதை அமுக்கினால் எந்தப் பக்கம் ஓடுவது?" என்றார்கள் மறு சாரார். சினிமாவில் கேட்பதுபோல் அது வெறும் 'புஸ்' அல்ல. சத்தம் குறையும், மறையாது.

2025-ல் பிரதிநிதிகள் சபை, சைலன்ஸரைப் பதிவிலிருந்தே விடுவிக்கப் பார்த்தது. "வரவு செலவு மசோதாவில் அதற்கு இடமில்லை" என்று செனட் சபையின் விதிமுறை அதிகாரி தடுத்துவிட்டார். ஆகவே வரி மட்டும் போயிற்று. ஜூலை 4-ல் ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டப்படி, 2026 ஜனவரி முதல் சைலன்ஸருக்கும் குட்டைத் துப்பாக்கிக்கும் வரி பூஜ்யம். யந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டு வகையறாவுக்கும் பழைய 200 டாலரே.

கைரேகை, புகைப்படம், பதிவு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் 1937-ல் சுப்ரீம் கோர்ட்டு இந்தச் சட்டத்தை ஏற்றதே, 'இது வரி' என்பதனால்தான். "வரியே இல்லை, பதிவேடு எதற்கு?" என்று இப்போது வழக்குத் தொடுத்திருக்கிறார்கள்.

வேலி போயிற்று, படல் மட்டும் நிற்கிறது. இனி விஷயம் 200 டாலர் அல்ல. பக்கத்து வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறதென்று சர்க்காருக்காவது தெரிந்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே!