பழங்குடி மொழியும் பட்டப்படிப்பும்: ராஞ்சியை முன்வைத்துச் சில குறிப்புகள்

எம்.ஏ. தமிழ் படிக்கிறவர்களுக்கு நாட்டுப்புறவியல் என்று ஒரு தாள் உண்டு. நான் படித்தபோது அந்தத் தாளில் எங்கள் மாவட்டத்துக் காணிக்காரர்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வந்தது. கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிக்கொண்டு சாற்றுப்பாட்டு பாடுவார்கள், பாடுகிறவர் பிலாத்தி, ஊர்த் தலைவர் மூட்டுக்காணி. மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கினோம். அந்தப் பாட்டு எந்த மொழியில் இருக்கிறது என்று ஆசிரியரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 'தமிழும் மலையாளமும் கலந்த கொச்சை' என்று அரை வரியில் கடந்துபோன அந்தப் பேச்சுக்கு, அதைப் பேசுகிறவர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது: மலம்பாஷை.

ஒரு மொழி பல்கலைக்கழகத்துக்குள் தரவாக நுழைவது வேறு, பாடமாக நுழைவது வேறு. தரவாக நுழையும்போது அதைப் பேசுகிறவர் 'தகவலாளி'. பாடமாக நுழையும்போது அவர் ஆசிரியர், வினாத்தாள் எழுதுகிறவர், விடைத்தாள் திருத்துகிறவர். அறிவின் அதிகாரம் யார் கையில் என்ற கேள்வி இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் இந்த இடமாற்றம் பெரிய அளவில் நடந்தது ராஞ்சியில்.

ராம் தயாள் முண்டா 1939இல் பிறந்தவர். முண்டாரி அவருடைய தாய்மொழி. சிகாகோவில் ஆய்வுப் பட்டம் பெற்று, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். 1980களின் தொடக்கத்தில் ஊர் திரும்பி, ராஞ்சி பல்கலைக்கழகத்தில் பழங்குடி மற்றும் வட்டார மொழிகள் துறையை உருவாக்குவதில் முன்நின்றார். முண்டாரி, சந்தாலி, ஹோ, காரியா, குடுக் ஆகிய ஐந்து பழங்குடி மொழிகளுக்கும், நாக்புரி, பஞ்ச்பர்கனியா, கோர்ட்டா, குர்மாலி ஆகிய நான்கு வட்டார மொழிகளுக்கும் அங்கே முதுகலைப் பட்டம் வந்தது. இவற்றில் குடுக் நம்முடைய திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் அதைப் பேசுகிறவர்கள் ஏறத்தாழ இருபது லட்சம் பேர். திராவிடம் பற்றி மேடை மேடையாகப் பேசுகிற நம்மில் எத்தனை பேர் குடுக் என்ற பெயரைக் கேட்டிருக்கிறோம்?

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இரண்டாவது பட்டியலை. நாக்புரியை போஜ்புரியின் கிளைவழக்கு என்று கிரியர்சன் வகைப்படுத்தினார். ஹிந்திப் பண்டிதர்களுக்கு அது கிராமத்துக் கொச்சை. அந்தக் 'கொச்சை'க்கு ஒரு துறை பாடத்திட்டம் வகுத்து, தேர்வு வைத்து, பட்டம் கொடுத்ததும் அது மொழியாகிவிட்டது. மொழி எது, வழக்கு எது என்பதை மொழியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. பாடத்திட்டமும் சம்பளப் பட்டியலும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. இது தெரிந்தே செய்யப்பட்ட அரசியல் காரியம். அந்தத் துறையின் ஆசிரியர்களும் மாணவர்களும் ஜார்க்கண்ட் இயக்கத்தில் முன்னால் நின்றது தற்செயல் அல்ல. 2000 நவம்பர் 15இல் மாநிலம் பிறந்தது. 2011இல் இந்த மொழிகள் மாநிலத்தின் இரண்டாம் மொழிகளாக அறிவிக்கப்பட்டன. மாநிலத் தேர்வாணையத்தின் தேர்விலும் இவற்றை எழுதலாம் என்றாயிற்று. 'ஒங்க பாஷ படிச்சா என்ன கெடைக்கும்?' என்று கேட்கிற வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

கடல் தாண்டியும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் செயின்ட் பால் என்ற ஊருக்குப் பக்கத்தில் புளூ குவில்ஸ் என்றொரு உறைவிடப் பள்ளி இருந்தது. கிரீ, டெனே பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய பள்ளி. இப்படிப்பட்ட பள்ளிகளில் தாய்மொழி பேசினால் அடி விழும். கனடா முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இவற்றுக்குள் போனார்கள். 1970இல் பெற்றோர்கள் புளூ குவில்ஸுக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள், பள்ளியை எங்களிடம் கொடு என்றார்கள். அரசு கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த இடம் பிறகு கல்லூரியாக வளர்ந்து, கிரீ மொழிக்குப் பட்டப்படிப்பு நடத்தியது. 2015இல் அது பல்கலைக்கழகம் என்று தன்னை அறிவித்துக்கொண்டது. எந்தக் கட்டிடத்தில் மொழி அடித்து விரட்டப்பட்டதோ அதே கட்டிடத்தில் பாட்டிமார்களும் தாத்தாமார்களும் ஆசிரியர்களாக வந்து உட்கார்ந்தார்கள். உறைவிடப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் முன்வைத்த 94 கோரிக்கைகளில் ஒன்று, கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பூர்வகுடி மொழிகளில் பட்டப்படிப்புகளைத் தொடங்க வேண்டும் என்பது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பட்டம் கொடுத்தால் மொழி பிழைத்துவிடும் என்று முடித்துவிட முடியுமா? முடியாது. ராஞ்சியில் எம்.ஏ. வரைக்கும் முண்டாரி இருந்தது, ஒன்றாம் வகுப்பில் ஹிந்திதான் இருந்தது. தலைகீழாக நட்ட மரம் மாதிரி. நியூசிலாந்தில் மவோரிக்காரர்கள் 1982இல் மறுமுனையிலிருந்து தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் போகாத குழந்தைகளைக் கிழவிமார் மடியில் விட்டு, மவோரியிலேயே பேசி வளர்த்தார்கள். மொழிக்கூடு என்று அதற்குப் பெயர். மொழி அடுப்படியில்தான் வாழும், சாகும். ஆனால் அடுப்படியில் இருக்கிற அம்மாவும் வெளியே எந்த மொழிக்கு மதிப்பு என்று பார்த்துத்தான் பிள்ளையிடம் பேசுகிறாள். பட்டம் அந்த மதிப்பைத் தரும், பேச்சைத் தராது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கடைசியில் கையில் சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும்.

இனி நம்ம ஊர்க் கதை. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். மொழிக்காக நடந்த அந்தப் போராட்டத்தை நான் சின்னதாக்கிப் பேச வரவில்லை. ஜீவா பிறந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிப் பேசவும் கூடாது. ஆனால் எல்லைக்கோடு மலைமேல் போனபோது காணிக்காரர்களை இரண்டாக வகுந்துகொண்டு போனது. அகத்திய மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மலையாளப் பள்ளி, பேச்சிப்பாறையிலும் கோதையாற்றிலும் இருக்கிறவர்களுக்குத் தமிழ்ப் பள்ளி. தாய்மொழியில் படிக்கும் உரிமை கேட்டு வென்ற நாம், மலையில் இருக்கிறவனுடைய தாய்மொழி என்ன என்று கேட்டோமா? பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளைக் கனடாப் பள்ளிகளோடு சேர்த்துவைத்துப் பேசமாட்டேன். பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போகவில்லை, சோறு போட்டோம். ஆனால் பாடம் நம்ம மொழியில்தான் நடந்தது. மேலிருந்து ரப்பர் தோட்டத்து வேலைக்கு வருகிற ஒரு பையன் என்னிடம் சொன்னான்: 'அது வீட்டுலதான் சார். கீழ எறங்கிட்டா தமிழ்தான்.' அவன் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, பஸ் டைம் சொல்லுகிற மாதிரி சொன்னான். 2011 கணக்கெடுப்பு பட்டியலிட்ட 121 மொழிகளில் மலம்பாஷை இல்லை.

அந்த மொழிக்குள் இருக்கிற அறிவு வேண்டுமென்றால் மட்டும் ஆட்கள் மேலே ஏறுவார்கள். 1987இல் திருவனந்தபுரம் பக்கத்து மலையில் காணிக்காரர்கள் மென்று தின்ற ஒரு பழத்தைப் பார்த்து விஞ்ஞானிகள் ஆரோக்கியப்பச்சையைக் கண்டுகொண்டார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஒப்பந்தம் ஆகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. செடிக்குப் பங்கு கிடைத்தது. செடியை அடையாளம் சொன்ன பேச்சுக்கு?

இருபுறமும் சேர்த்து இருபத்தைந்தாயிரம் பேர் வாக்கில் இருக்கிற ஒரு சமூகத்துக்கு ராஞ்சி மாதிரி எம்.ஏ. தொடங்கச் சொல்வது அசட்டுத்தனம். ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை, மலைக்குப் போகிற ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் வனத்துறைக்காரர்களுக்கும் கட்டாயமாக்கலாம். காணிக்காரர் பிள்ளைகளில் பத்தாவது முடித்தவர்களை அதற்குச் சம்பளத்தோடு பயிற்றுநர்களாக வைக்கலாம். பிலாத்தி வினாத்தாள் சொல்ல வேண்டும். அவருக்குப் பட்டம் இல்லை, விதி இடம்கொடுக்காது என்று பல்கலைக்கழகம் சொல்லும். சண்டை போட வேண்டிய இடம் அது. பாடப்புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அடிப்பதா மலையாள எழுத்தில் அடிப்பதா என்ற தகராறும் வரும். இரண்டு பக்கத்து மூட்டுக்காணிகளும் கூடி உட்கார்ந்து தீர்க்க வேண்டிய விஷயம் அது. தமிழ் எம்.ஏ.காரர்கள் அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டியதில்லை.