மூன்று நாள் கணக்கு
பெண்களின் சிறுநீர்த் தொல்லைக்கு வழி காட்டும் தாள்

காய்ச்சல் வந்தால் நாலு பேரிடம் சொல்லலாம். முழங்கால் வலித்தால் பக்கத்து வீட்டில் தைலம் கேட்டு வாங்கலாம். இருமும்போது சேலை நனைந்துவிடுகிறது என்பதை யாரிடம் சொல்வது? கட்டிய கணவரிடம்கூடச் சொல்லாத தாய்மார்கள் அநேகர். "மூணு பிள்ளை பெத்த உடம்பு, வயசானா அப்படித்தான்" என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பஸ் பிரயாணம் என்றாலே அஞ்சுகிறார்கள்.

புதுவை மூலக்குளத்துப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி தூரமில்லை. வில்லியனூர் சாலையில், எல்லைப்பிள்ளைச்சாவடியில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே ராஜீவ்காந்தி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுவையில் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்தது அது. தடையாக நிற்பது வெட்கம்தான். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்த பிறகும், "அடிக்கடி போகுது டாக்டர்" என்பதற்கு மேல் பலருக்கு வார்த்தை வருவதில்லை.

சொல்ல வராததை எழுதிக் காட்டலாம். அதற்காக ஏற்பட்டதே சிறுநீர்க் குறிப்பேடு.

எழுதுவது என்ன?

ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை மணிக்கு, என்ன குடித்தோம், எவ்வளவு குடித்தோம். எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தோம், அது எத்தனை மில்லி. தன்னை அறியாமல் கசிந்ததா, அப்போது இருமினோமா, குடம் தூக்கினோமா, அவசரம் தாங்காமல் ஓடினோமா. துணியோ பஞ்சுப்பட்டையோ மாற்றினோமா. எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம். இவ்வளவுதான்.

அளப்பதற்குப் பழைய பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். அளவு தெரிந்த அரை லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றிக் கோடு போட்டுக்கொள்ளலாம். அதை வேறு எதற்கும் எடுக்காமல் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே போன இடத்தில் அளக்க முடியாவிட்டால் நேரத்தை மட்டுமாவது குறிக்கலாம். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி எழுதித் தரலாம்.

எத்தனை நாள் எழுதுவது? குறைந்தது 3 நாள் என்கிறது பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி. வேலைக்குப் போகும் நாளும் வீட்டில் இருக்கும் நாளும் அதில் சேர வேண்டும். கணக்கு அழகாக இருக்கட்டும் என்று அந்த நாட்களில் மட்டும் தண்ணீரைக் குறைத்துக் குடித்தால், எழுதியும் பயனில்லை.

ஒரே குறை, வெவ்வேறு காரணம்

"அடிக்கடி போகுது" என்று மூன்று பெண்கள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். மூவரின் தாளையும் பார்த்தால் விஷயம் விளங்கும்.

முதல் பெண் ஒரு நாளில் 14 தடவை போகிறார். ஒவ்வொரு தடவையும் 90 மில்லிதான். மொத்தம் 1260 மில்லி. அது சாதாரண அளவே. சிறுநீர்ப் பை நிறையும் முன்பே சுருங்கி அவசரப்படுத்துகிறது என்று டாக்டர் ஐயுறுவார். கிருமித் தொற்று உண்டா என்றும் பரிசோதிப்பார்.

இரண்டாமவர் 12 தடவை போகிறார். ஒவ்வொரு தடவையும் 300 மில்லி. மொத்தம் 3600 மில்லி! பையில் குறையில்லை, ஊறும் சிறுநீரே அதிகம். அவர் குடிக்கும் தண்ணீர் எவ்வளவு, சர்க்கரை வியாதி உண்டா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாமவருக்குப் பகலில் தொல்லையில்லை. இரவில்தான் நாலு முறை எழுகிறார். நாள் முழுவதற்கும் 1500 மில்லி. அதில் 700 மில்லி இரவுக் கணக்கு. காலையில் எழுந்தவுடன் கழிப்பதும் இரவுக் கணக்கில்தான் சேரும். 65 வயதைக் கடந்தவருக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வந்தால் அது அதிகம். பகலில் காலில் தேங்கும் நீர், படுத்தபின் சிறுநீராக இறங்குவதும் உண்டு. அப்படியானால் டாக்டரின் கவனம் இருதயம், சிறுநீரகம், சாப்பிடும் மாத்திரைகள் பக்கம் போகும்.

மூவருக்கும் ஒரே மாத்திரை கொடுத்திருந்தால் என்னவாகும்!

இன்னொரு வகையும் உண்டு. போகும் தடவை சரியாகவே இருக்கும். ஆனால் "இருமல் - கசிவு", "குடம் - கசிவு" என்று தாள் சொல்லும். பிரசவத்தாலும் வயதாலும் அடிவயிற்றின் தளத்தசை தளர்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை 1948-ல் அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் எழுதி வெளியிட்டார். சரியாகக் கற்றுக்கொண்டு 3 மாதமாவது விடாமல் செய்தால் பலருக்குக் குணம் தெரிகிறது. அவசரக் கோளாறு உள்ளவர்களுக்கு, போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் பயிற்சி உண்டு. அதற்கு 6 வாரமாவது வேண்டும். அதன்பின் மறுபடி ஒரு தாள் எழுதினால், முன்னேற்றம் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும்.

வெறுங் கட்டம்

சில பெண்களின் தாளில் காலை 8 மணிக்குப் பிறகு மாலை 5 மணி வரை ஒன்றும் இராது. குடித்ததும் இல்லை, கழித்ததும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் நல்ல கழிப்பிடம் இல்லாததால், தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருப்பவர்கள் இவர்கள். இப்படிச் செய்தால் சிறுநீர் கடுத்து எரிச்சல் உண்டாகும். கிருமித் தொற்றுக்கும் இடம் கொடுக்கும். இந்த வெறுங் கட்டத்துக்கு டாக்டர் மட்டும் மருந்து தர முடியாது. வேலை கொடுப்பவரும் பார்க்க வேண்டிய கட்டம் அது.

காத்திருக்கக் கூடாதவை

குறிப்பேடு ஒன்றே போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சிறுநீர்ப் பரிசோதனையும் உடல் பரிசோதனையும் அவசியமே. சிறுநீரில் ரத்தம், குளிர் காய்ச்சலோடு எரிச்சல், அடியோடு சிறுநீர் கழிக்க முடியாத நிலை, பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பின் ஓயாத கசிவு - இவற்றில் எது இருந்தாலும் 3 நாள் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றவர்கள், வீட்டுப் பால் கணக்கு எழுதுவதுபோல இதையும் எழுதி, மடித்து எடுத்துச் செல்லலாம். டாக்டர் கேட்கும்போது தலைகுனிந்து தயங்க வேண்டியதில்லை. தாளை எடுத்து நீட்டினால் போதும்.