பெட்டியில ஒரு நம்பர், போன்ல ஒரு நம்பர்... ரெண்டும் ஒண்ணுதானா?

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் போன் தயாரிக்க ஆரம்பிச்ச நோக்கியா, 2014-ல் உற்பத்தியை நிறுத்திடுச்சு. இப்போ அந்தப் பக்கம் ஃபாக்ஸ்கானில் ஐபோன் தயாராகுது. பிராண்டு எதுவா இருந்தாலும், ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐஎம்இஐ நம்பர் உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கப்போறீங்களா? *#06# டயல் பண்ணி, திரையில் வர்ற நம்பரைப் பெட்டியில் இருக்கிறதோட ஒப்பிட்டுப் பாருங்க. (ரெண்டு சிம் போன்னா ரெண்டு நம்பர் வரும், குழம்பாதீங்க.)

முதல் நாலஞ்சு இலக்கம் ஒத்துப்போகுதுன்னு விட்டுடாதீங்க. முதல் 8 இலக்கம் மாடலைக் குறிக்கும். அதே மாடல் வச்சிருக்கிற வேறொருத்தர் போன்லயும் அதுவே இருக்கலாம். உங்க போனைத் தனியா அடையாளம் காட்டுறது அடுத்த 6 இலக்கம்தான்.

வெப் புரோகிராமிங் படிக்கிறவங்க இதையே ஜாவாஸ்கிரிப்டில் செஞ்சு பார்க்கலாம். ரெண்டையும் எண்ணா மாத்தாம, 'ஸ்ட்ரிங்'காவே வச்சுக்கோங்க. எண்ணாக்கினா முன்னால இருக்கிற சைபர் காணாமப் போயிடும். 01-ல் தொடங்குற ஐஎம்இஐயும் உண்டு. அப்புறம் ஒரு லூப். 0-வது இடத்திலிருந்து 14-வது இடம் வரைக்கும் ஜோடி ஜோடியா மூணு சமக்குறி போட்டு ஒப்பிட்டா, எந்த இடத்தில் மாறுதுன்னே சொல்லிடும்.

கடைசியா வர்ற 15-வது இலக்கம்தான் சுவாரஸ்யம். ஐபிஎம்மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் உருவாக்கின கணக்குப்படி, முன்னாடி இருக்கிற 14 இலக்கத்தை வச்சு அது கிடைக்குது. ஒரு இலக்கத்தைத் தப்பா அடிச்சாலும் மாட்டிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் மாட்டும். 09, 90 ஆனா மட்டும் தப்பிச்சிடும்!

ஆனா, திருட்டு போனுக்கும் இந்தக் கணக்கு சரியாத்தான் வரும். அதனால ஆங்கிலத்தில் கே.ஒய்.எம் எழுத்துகளை மட்டும் புள்ளியில்லாம டைப் பண்ணி, இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. 'பிளாக்லிஸ்ட்', 'டூப்ளிகேட்'னு பதில் வந்தா வாங்காதீங்க.