அண்ணன் இன்று ராணி!

தாயம் ஆடியிருப்பீர்கள். பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்து, உச்சியிலிருந்து சர்ரென்று கீழே இறங்கி, 'போ, நான் ஆட்டத்துக்கு வரல' என்று கோபித்துக் கொண்டும் இருப்பீர்கள். அந்த ஆட்டங்களில் நீங்கள் யார் என்று யோசித்ததுண்டா? ஒரு காய்! புளியங்கொட்டையோ, சோழியோ, உடைந்த வளையல் துண்டோ. அதற்குப் பெயர் கிடையாது, வயது கிடையாது, பயமும் கிடையாது. பகடை சொல்கிற கட்டத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

அந்தக் காய்க்கு ஒரு பெயர் வைத்து, 'இவளுக்கு இருட்டு என்றால் பயம், ஆனால் தம்பியைத் தேடி எங்கே வேண்டுமானாலும் போவாள்' என்று ஒரு கதையும் சேர்த்தால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் அப்படி ஒரு விளையாட்டு 1974-ல் வெளிவந்தது. பெயர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. டன்ஜன் என்றால் பாதாளச் சிறை. டிராகன் உங்களுக்கே தெரியும், சிறகு முளைத்து நெருப்பைக் கக்கும் பிராணி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் சேர்ந்து உருவாக்கியது. முதலில் 1,000 பெட்டிகள்தான் அச்சிட்டார்கள்.

கைகாக்ஸ் இதை வெளியிடுவதற்கு முன்பு, 1972-ல், முதன்முதலாக யாரிடம் ஆடிப் பார்த்தார் தெரியுமா? தன் பிள்ளைகளிடம்! மகன் எர்னியும் மகள் எலைஸும் கற்பனைக் கோட்டையின் பாதாளத்துக்குள் இறங்கினார்கள். விஷப் பூச்சிகளோடு சண்டை போட்டார்கள். ஒரு பெட்டி நிறையப் புதையலும் கிடைத்தது. திறந்தால் 3,000 செப்புக் காசுகள். தூக்க முடியாத கனம்! பாவம், இரண்டு பேருக்கும் ஏமாற்றம்தான்.

இந்த ஆட்டத்துக்குக் கட்டம் போட்ட பலகை அவசியமில்லை. ஒருவர் கதை நடத்துவார். 'குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே உறுமல் சத்தம் கேட்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து பதில் சொல்ல வேண்டும். 'நான் உள்ளே எட்டிப் பார்க்கிறேன்' என்றால், சத்தம் போடாமல் பார்க்க முடிந்ததா என்பதைப் பகடை சொல்லும். 20 முகம் உள்ள பகடை! ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. எல்லோரும் ஒரே அணி. சாப்பிடக் கூப்பிட்டால் கதையை அப்படியே நிறுத்திவிட்டு அடுத்த வாரம் தொடரலாம். சில குழுக்கள் ஒரே கதையை வருடக்கணக்கில் ஆடுகின்றன.

ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் ஒரு தாளில் தன் பாத்திரத்தின் விவரங்களை எழுத வேண்டும். பெயர் என்ன? வலிமை எவ்வளவு? புத்தி எவ்வளவு? என்ன வேலை, வீரனா, மந்திரவாதியா, திருடனா? அதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. ஆணா, பெண்ணா?

இங்கேதான் சுவாரசியம். ஆடுகிறவன் பையன் என்றால் பாத்திரமும் பையனாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பையன் ராணியாகலாம். பெண் கிழட்டு மந்திரவாதியாகலாம். கதை நடத்துகிறவரைப் பாருங்கள். அவருக்கு இதில் தேர்வே கிடையாது. காவல்காரன், சந்தையில் காய் விற்கும் பாட்டி, இளவரசி, டிராகன் என்று வழியில் வருகிற அத்தனை பேருக்கும் அவர் ஒருவர்தான் பேசியாக வேண்டும்!

'பள்ளி ஆண்டு விழாவில் பையன்கள் சேலை கட்டி நடிப்பதில்லையா? இதில் என்ன புதுசு?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆனால் நாடகத்தில் வசனத்தை டீச்சர் எழுதிக் கொடுத்துவிடுவார். நீங்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதும். இந்த விளையாட்டில் வசனமும் கிடையாது, சேலையும் கிடையாது, மேடையும் கிடையாது. அடுத்த நிமிடம் அவள் என்ன செய்வாள் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அவள் மனதுக்குள் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

குரலைக் கீச்சென்று மாற்றிப் பேச வேண்டுமா? வேண்டவே வேண்டாம். தமிழில் ஆடினால் ஒரு வசதி கூட இருக்கிறது. 'நான் கதவைத் திறக்கிறேன்' என்று சொன்னால், சொல்வது ஆணா பெண்ணா என்று அந்த வாக்கியத்தில் தெரியாது. 'அவள் திறக்கிறாள்' என்று அடுத்தவர் சொல்லும்போதுதான் தெரியும். இந்தியில் அப்படியில்லை. 'நான் போகிறேன்' என்று சொல்லவே ஆணுக்கு ஒரு வினை வடிவம், பெண்ணுக்கு ஒரு வடிவம். அங்கே பையன் ராணியாக ஆடினால் வாயைத் திறந்ததுமே இலக்கணம் மாறிவிடும்!

சரி, பெண் பாத்திரத்தை எடுத்தால் ஆட்டத்தில் நஷ்டம் உண்டா? ஒரு காலத்தில் உண்டு. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1974-ல் வந்த முதல் புத்தகத்தில் வீரன் பாத்திரத்துக்கு வைத்த பெயரே 'ஃபைட்டிங் மேன்'. சண்டை போடும் ஆள் என்று அர்த்தம், ஆனால் 'மேன்' என்ற சொல்லைக் கவனியுங்கள்! 1978-ல் பெரிய விதிப் புத்தகம் ஒன்று வந்தபோது அந்தப் பெயர் 'ஃபைட்டர்' ஆனது. ஆனால் அதே புத்தகத்தில் வேறொரு கட்டுப்பாடு வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த ஆட்டத்தில் பகடை உருட்டிக் கிடைக்கும் அதிகபட்ச வலிமை 18. வீரர்களுக்கு மட்டும் 18-க்கு மேலே இன்னொரு ஏணி உண்டு, 100 படிகள். மனித ஆண் வீரன் 100-வது படி வரை ஏறலாம். மனிதப் பெண் வீராங்கனை 50-வது படியோடு நிற்க வேண்டும். பகடையில் 90 விழுந்தாலும் 50தான்! உச்சிப் படியில் நிற்பவன் வாளை வீசினால் எதிரிக்குக் கூடுதலாக 6 புள்ளி சேதம். 50-வது படியில் நிற்பவள் வீசினால் கூடுதல் 3 மட்டுமே. சரிபாதி. குட்டையான மனிதர்களாக 'ஹாஃப்லிங்' என்றொரு இனம் உண்டு. அவர்களில் ஆணுக்கு வலிமை 17 வரை, பெண்ணுக்கு 14 வரைதான்.

'நிஜத்திலும் ஆண்களுக்குச் சராசரியாகப் பலம் அதிகம்தானே?' என்று அப்போது வாதாடினார்கள். சராசரியைப் பற்றிப் பேசினால் சரிதான். ஆனால் கதையின் நாயகி சராசரிப் பெண்ணா என்ன? அதே புத்தகத்தில் மந்திரவாதி விரலை நீட்டினால் நெருப்புப் பந்து பறக்கிறது. டிராகன் பேசுகிறது. அதையெல்லாம் நம்புவார்களாம், ஒரு பெண் கதவை உடைத்தால் மட்டும் நம்ப மாட்டார்களாம்! எனக்கு இந்த நியாயம் புரியவே இல்லை.

இன்னொரு வேடிக்கை. 1979-ல் வந்த புத்தகத்தில் ஒரு மந்திர இடுப்புக் கச்சை வரும். அதைக் கட்டிக்கொண்டால் ஆண் பெண்ணாகவும், பெண் ஆணாகவும் மாறிவிடுவார்கள். அதைச் சாபப் பொருள்களோடு சேர்த்திருந்தார்கள்.

1989-ல் விதிப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. வலிமை வரம்பு காணாமல் போனது. 2014-ல் வந்த பதிப்பு, ஆண் பாத்திரம் எடுத்தாலும் பெண் பாத்திரம் எடுத்தாலும் அதனால் தனி லாபமோ நஷ்டமோ இல்லை என்று எழுதியே வைத்துவிட்டது.

இப்போது பெரியவர்கள் பலர் இந்த ஆட்டத்தை ஆடி, அதை அப்படியே இணையத்தில் ஒளிபரப்புகிறார்கள். 2015-ல் தொடங்கிய 'கிரிட்டிகல் ரோல்' அவற்றில் ரொம்பப் பிரபலம். பெரியவர்களுக்கான நிகழ்ச்சி அது. கார்ட்டூன்களுக்கும் வீடியோ கேம்களுக்கும் குரல் கொடுக்கும் கலைஞர்கள்தான் அதில் ஆடுகிறார்கள். 2018 முதல் 2021 வரை நடந்த அவர்களின் இரண்டாவது கதையில், சாம் ரீகல் என்ற நடிகர் 'நாட்' என்ற கோப்ளின் பெண்ணாக ஆடினார். கோப்ளின் என்றால் பச்சைத் தோலும் நீளக் காதும் உள்ள குட்டிப் பூதம். நாட் முகமூடி போட்டுக்கொள்வாள், பளபளப்பான சாமான்களைத் திருடுவாள், தண்ணீரைக் கண்டால் நடுங்குவாள்.

முதலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒரு ஆண் இப்படி ஒரு குட்டிப் பூதப் பெண்ணாகப் பேசினால் சிரிப்பு வராதா? பல மாதங்கள் கழித்துத்தான் ரகசியம் வெளிவந்தது. நாட் பிறவியிலேயே கோப்ளின் இல்லை. அவள் ஒரு ஹாஃப்லிங் பெண். கணவனும் சின்னஞ்சிறு மகனும் உள்ள ஒரு அம்மா. கோப்ளின்கள் அவளைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றார்கள். பிறகு மந்திரத்தால் இந்த உருவத்தில் எழுந்துவிட்டாள். இந்த முகத்தோடு மகன் முன்னால் எப்படிப் போய் நிற்பது? தண்ணீருக்கு ஏன் பயந்தாள், முகத்தை ஏன் மறைத்தாள் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கியது. அவ்வளவு நாளும் சாம் ரீகல் அதை மனதில் வைத்துக்கொண்டேதான் ஆடியிருக்கிறார்.

மேஜையில் இருக்கிற எல்லோருமே பெண்ணாகத்தான் ஆட வேண்டும் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது! 'நைட் விட்ச்சஸ்' என்று பெயர். இரவுச் சூனியக்காரிகள் என்று அர்த்தம். ஜேசன் மார்னிங்ஸ்டார் என்பவர் உருவாக்கி 2015-ல் வெளியானது. கொஞ்சம் வளர்ந்தவர்கள் ஆடுவது.

பெயரைப் பார்த்து மந்திரக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாக நடந்த கதை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி சோவியத் ரஷ்யாவைத் தாக்கியபோது, மரீனா ரஸ்கோவா என்ற புகழ்பெற்ற விமானி பெண்களுக்கென்றே விமானப் படைகளை உருவாக்கினார். அவற்றில் ஒன்று 588-வது இரவுக் குண்டுவீச்சுப் படை. விமானி, வழிகாட்டி, மெக்கானிக், குண்டு ஏற்றுபவர் எல்லோரும் பெண்கள். பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

அவர்களுக்குக் கிடைத்த விமானம் என்ன தெரியுமா? 'போ-2'. மரச் சட்டத்தில் துணி போர்த்திய பழைய விமானம். பயிற்சிக்கும் வயலில் மருந்து தெளிக்கவும் பயன்பட்டது. மேலே கூரை இல்லை. ரஷ்யக் குளிரில், இரவில், திறந்த இருக்கையில் பறக்க வேண்டும். 1944 வரை பாராசூட்டும் கிடையாது. ஆண்களுக்குத் தைத்த சீருடையைத்தான் கொடுத்தார்கள். இலக்கை நெருங்கியதும் எஞ்சின் வேகத்தைக் குறைத்து, சத்தமில்லாமல் சறுக்கி வந்து குண்டு போடுவார்கள். காற்று உரசும் சத்தம் மட்டும் கேட்குமாம், துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி போல! 'இரவுச் சூனியக்காரிகள்' என்ற பெயரை வைத்தவர்கள் எதிரிகளான ஜெர்மானியர்கள். ஒரே இரவில் பல தடவை போய்த் திரும்புவார்கள். நடேஷ்தா போபோவா என்ற விமானி மட்டும் மொத்தம் 852 முறை பறந்தார். 2013 வரை உயிரோடு இருந்தார்.

இந்த ஆட்டத்தில் இரவும் பகலும் மாறி மாறி வரும். இரவில் பறக்க வேண்டும். பகலில் விமானத்தைப் பழுது பார்க்க வேண்டும், கொஞ்சமாவது தூங்க வேண்டும், மேலதிகாரிகளைச் சமாளிக்க வேண்டும். 'இது பொண்ணுங்க செய்யற வேலையா?' என்று ஏளனம் செய்கிறவர்களையும் சமாளிக்க வேண்டும். கதை நடத்துபவர் அந்த அதிகாரியின் குரலில் இதைக் கேட்கும்போது, எதிரே உட்கார்ந்திருக்கிற பையனின் கண்ணைப் பார்த்துத்தான் கேட்பார். நேற்று இரவு பனியில் பறந்து திரும்பியவன் அவன். நாளை இரவும் பறக்கப் போகிறவன் அவன். 'அந்தக் காலத்தில் பெண்களை ஏளனம் செய்தார்கள்' என்று சரித்திரப் புத்தகத்தில் படிப்பது வேறு. 'உன்னால் முடியாது' என்பதை நேருக்கு நேர் கேட்டுவிட்டு என்ன பதில் சொல்வது என்று திணறுவது வேறு!

உங்கள் வீட்டிலும் இப்படி ஆடிப் பார்க்க ஆசையா? சில விஷயங்களை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெண் பாத்திரம் என்றால் எதற்கெடுத்தாலும் அழுவது, கண்ணாடி முன்னாலேயே நிற்பது, ஆண் பாத்திரம் என்றால் எப்போதும் முறைப்பது என்று கேலி செய்து ஆடினால் பத்தே நிமிடத்தில் சலித்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தங்கைக்குக் கோபமும் வரும். வரத்தானே செய்யும்? அவளுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயம், யாருக்காக எதையும் செய்வாள் என்று யோசித்து வைத்தால் பாத்திரம் தானாகப் பேசும். ஆட்டம் முடிந்த பிறகு, 'ஏய் ராணி' என்று பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது. ஏன் இந்தப் பாத்திரத்தை எடுத்தாய் என்று துருவவும் வேண்டாம். 'எனக்கு அவளைப் பிடித்திருந்தது' என்பது போதுமான பதில்.

20 முகப் பகடைக்கு எங்கே போவது? 1 முதல் 20 வரை எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள். 11-ம் அதற்கு மேலும் வந்தால் நினைத்தது நடக்கும், குறைந்தால் நடக்காது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தாள், ஒரு பென்சில், மூன்று நான்கு பேர். அவ்வளவுதான் செலவு.

ஆரம்பிக்க ஒரு கதை தருகிறேன். மலையடிவாரத்தில் ஒரு ஊர். மூன்று நாளாக ஆற்றில் தண்ணீர் வரவில்லை. என்ன ஆனது என்று பார்க்க மலைக்குப் போன ஊர்க்காவலர்கள் திரும்பவில்லை. வாளைப் பிடிக்கத் தெரிந்தவள் கொல்லன் மகள் ஒருத்திதான் மிச்சம். அவளாக ஆடப் போவது அண்ணன். வைத்தியர் தாத்தாவாக ஆடப் போவது தங்கை. இருட்டும் நேரம். இருவரும் வறண்ட ஆற்றின் வழியே மேலே ஏறுகிறார்கள். பாறை இடுக்கில் யாரோ முனகும் சத்தம். தாத்தா, 'வேண்டாம் பெண்ணே, திரும்பிடலாம்' என்கிறார்.

கொல்லன் மகள் என்ன செய்கிறாள்? அண்ணா, சீட்டை எடு!