ஈறு தரும் எச்சரிக்கை

பல் வலித்தால் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். பல் துலக்கும்போது எச்சிலில் இரத்தம் கண்டாலோ, வாயைக் கொப்புளித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். ஈறு நோயின் முதல் அடையாளமே அந்த இரத்தம்தான். ஆரம்பத்தில் வலி இராது, அதனாலேயே ஏமாறுகிறோம். ஈறு சிவந்து தடிப்பதும் வாய் நாறுவதும் உடன்வரும் குறிகள்.

காரணம், ஈற்றோரத்தில் நாள்தோறும் படியும் கிருமிப் படலம். 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய சகாக்களும் இதை நிரூபித்தார்கள். நல்ல ஈறுகளையுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழன்றது. மீண்டும் துலக்கவே, ஏறக்குறைய ஒரு வாரத்தில் குணமாயிற்று.

ஆகையால், இரத்தத்துக்கு அஞ்சித் துலக்காமல் விடுவது நோயை வளர்ப்பதேயாகும். படலம் காரையாக இறுகினால் பல் வைத்தியர்தான் சுரண்டி எடுக்கவேண்டும். பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்துவிட்டால், போனது தானாக மீளாது. நீரிழிவும் புகையிலையும் நோயை முற்றச் செய்பவை. புகைபிடிப்பவருக்கு இரத்தக் கசிவு குறைவாதலால் எச்சரிக்கையும் கிட்டுவதில்லை.

கசியும் இடத்தை மெல்ல, ஆனால் தவறாமல் துலக்குவோம். இரண்டு வாரத்தில் நிற்காவிடில் வைத்தியரை நாடுவோம்.